பிரித்துப் பார்த்துப் பழையபடி கட்டியது

கதவுக்கு அடியில் கிடந்த உறையைக் கத்திரி சார் குனிந்து எடுப்பதற்குள் அவர் மனைவி நர்ஸம்மா அதன் மேல் காலை வைத்துவிட்டாள்.

"காலை எடு," என்றார் அவர், குனிந்தபடியே.

"எதுக்கு?"

"கீழே ஏதோ இருக்கு."

"அப்படியா?" என்று அவள் கீழே பார்த்தாள். காலை மட்டும் எடுக்கவில்லை.

உறையின் ஓரத்தில் இருந்த முத்திரையை அவள் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள். ஸ்பானரின் கடை முத்திரை. குழாய் ஒழுகினாலும் தாழ்ப்பாள் கழன்றாலும் மின்விசிறி முனகினாலும் அந்தத் தெருவில் எல்லோரும் கூப்பிடுகிற ரிப்பேர்காரர் ஸ்பானர். எல்லோரும் என்றால், இந்த ஒரு வீட்டைத் தவிர. இந்த வீட்டில் எது கெட்டாலும் கத்திரி சாரே சரிசெய்துவிடுவார் என்பது தெருவே அறிந்த விஷயம். அவரும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைத் தெருவுக்கு நினைவுபடுத்துவார்.

வேறு வழியில்லாமல் நர்ஸம்மா காலோடு சேர்த்து உறையையும் இழுத்துக்கொண்டு, சட்டென்று குனிந்து எடுத்து முந்தானைக்குள் வைத்தாள்.

"மாடிவீட்டு அக்காவோட பில்லுங்க. தப்பி நம்ம வீட்டுக்கு வந்திருக்கு."

கல்யாணப் பத்திரிகை என்று சொல்லியிருக்கலாம். யாரோ கடன் கேட்டு எழுதிய கடிதம் என்று சொல்லியிருந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவரிடம் போய்ப் பில் என்று சொன்னதுதான் தப்பு. கத்திரி சார் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். விபத்தில் சிக்கிய வண்டிகளின் ரிப்பேர் பில்கள் அவர் மேஜைக்கு வரும். ஒரு வண்டி சாலையில் ஒரு தடவை அடிபட்டால் அதன் பில் அவரிடம் இன்னொரு தடவை அடிபடும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அங்கே வைத்த பட்டப்பெயர்தான் கத்திரி. அது தெருவரைக்கும் வந்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

"என்ன பில்லு?"

"ஏதோ ரிப்பேர் பில்லாம்."

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கே சிவப்புப் பேனா இருந்தது. அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று அவள் நியாயம் பேசினாள். அது அவருக்கும் சரியாகத்தான் பட்டது.

"சரி. குளிச்சிட்டு மேல போய் அக்காகிட்டயே வாங்கிப் பார்க்கறேன். தனியா இருக்கறவங்க. எவனாவது ஏமாத்திடப் போறான்."

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் நர்ஸம்மா மாடிப்படியில் ஏறினாள். பாதிப் படியில் நின்று உறையைக் கிழித்தாள்.

அவள் ஏன் இப்படி அல்லாடினாள் என்று தெரியவேண்டுமானால் ஒரு ஸ்டூலின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால், யாரோ செய்த தப்பு கத்திரி சார் தலையில் விழுந்து, விசாரணை முடியும்வரை அலுவலகம் அவரை வீட்டில் உட்கார வைத்தது. மாதக்கணக்கில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைவார், சாப்பிட மாட்டார். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டையே கட்டி மேய்க்கிற நர்ஸம்மாவுக்கு வீட்டில் இருந்த ஒரு நோயாளியை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருநாள் அவர் எழுந்து, கால் ஆடிக்கொண்டிருந்த சமையலறை ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டார். பசை தடவினார். சணல் கயிற்றை எடுத்துச் சுற்று சுற்றென்று சுற்றி முடிச்சுப் போட்டார். அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காய் நறுக்க அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டூல் ஒரு பக்கம் போயிற்று, அவள் ஒரு பக்கம் போனாள், காய் நாலா பக்கமும் போயிற்று.

அவரிடம் அவள் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. விசாரணைக்கு அவர் போயிருந்த நேரம் பார்த்து ஸ்பானரைக் கூப்பிட்டு ஸ்டூலைச் சரிசெய்யச் சொன்னாள். "வேலை முடிஞ்சதும் மேல இந்தச் சணலை இதே மாதிரி கட்டிடுங்க, முடிச்சும் இதே மாதிரி இருக்கணும்," என்றாள். ஸ்பானர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் கட்டினார்.

வார்டில் அவள் பழகிய பழக்கம் அது. புதிதாக வந்த டாக்டர் போட்ட கட்டு நழுவினால் நர்ஸம்மா சத்தமில்லாமல் பிரித்து ஒழுங்காகக் கட்டி, மேலே டாக்டர் போட்ட முடிச்சை அப்படியே போட்டுவிடுவாள். காலையில் டாக்டர் வந்து தன் முடிச்சைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்துவார். நோயாளிக்கும் புண் ஆறும். யாருக்கும் நஷ்டமில்லை.

கத்திரி சாருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் ரிப்பேர் ஆசை அவரை விடவில்லை. அதற்குப் பிறகு குழாய், தாழ்ப்பாள், அலமாரிக் கீல், இஸ்திரி மேஜை என்று எது மக்கர் செய்தாலும் அவர்தான். "கூட ஆள் நின்னா எனக்குக் கை ஓடாது," என்பார். அதனால் அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் செய்வார். அவள் திரும்பி வந்தால் குழாய் கழுத்துவரை சணல் சுற்றிக்கொண்டு நிற்கும், பக்கத்தில் அவர் நிற்பார். அவள் வாயாரப் புகழ்வாள். மறுநாள் அவர் அலுவலகம் போனதும் ஸ்பானருக்குச் சொல்லி அனுப்புவாள்.

ஸ்பானரும் ஒரு விநோதமான ஆள். வந்தவுடன், "சிஸ்டர், ஒரு டீ போடுங்களேன்," என்பார். அவள் டீயோடு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். சணலும் பழைய இடத்தில் இருக்கும். அவர் கைராசி அப்படி என்று அவள் வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

காசை அவ்வப்போது கையில் கொடுத்துவிடுவாள். சமீபத்தில்தான் ஸ்பானரின் மருமகள் கடைக் கணக்கை எடுத்துக்கொண்டாள். கைக்காசு கூடாது, மாதக் கடைசியில் பில் என்று சட்டம் போட்டுவிட்டாள். சிஸ்டரின் பில்லை மட்டும் தானே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து கொடுப்பதாக ஸ்பானர் சத்தியம் செய்திருந்தார். மருமகளுக்கு அந்தச் சத்தியம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது வீட்டு எண் மட்டும்.

இப்போது மாடிப்படியில் நின்று நர்ஸம்மா அந்தப் பில்லைப் படித்தாள். தொகை அவள் நினைத்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேலே இருந்தது. ஒவ்வொரு வேலையும் இரண்டு தடவை எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை, சமையலறைக் குழாய், வாஷர் மாற்றியது. புதன்கிழமை, அதே குழாய், பிரித்துப் பார்த்துப் பழையபடி கட்டியது. வெள்ளிக்கிழமை, அலமாரிக் கீல், புதிது போட்டது. சனிக்கிழமை, அதே கீல், பிரித்துப் பார்த்துப் பழையபடி கட்டியது. பில் முழுக்க இப்படியே.

ஒரே நாளில், ஒரு டீ கொதிக்கிற நேரத்தில் செய்த வேலையை இரண்டு நாளாகப் பிரித்து, இரண்டு நாளுக்கும் வந்துபோன கூலி போட்டிருக்கிறார்கள். நம்பின ஆள் இப்படிச் செய்துவிட்டாரே என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனால் சண்டை போட இது நேரமில்லை. கீழே குளியலறையில் தண்ணீர் நின்றுவிட்டது.

மாடிவீட்டு அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஊரார் பேச்சை ஒன்றோடொன்று இணைத்துவிட்டு நடுவில் இருந்து விலகிக்கொண்டவர். அதில் ஒரு பேச்சுக்காவது முடிவு என்ன ஆயிற்று என்று தெரியாமல் போன ஏக்கம் அவருக்கு இன்னும் இருந்தது. நர்ஸம்மா மூச்சு வாங்கச் சொன்னதை அவர் கண் கொட்டாமல் கேட்டார்.

"ஆக, இந்தப் பில்லு என்னோடதுன்னு நான் சொல்லணும்."

"சொன்னாப் போதும்க்கா. வேற எதுவும் வேண்டாம்."

"அவர் இதைக் கண்டுபிடிச்சா என்ன ஆகும்?"

"திரும்ப அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துடுவாருக்கா. அதை மட்டும் என்னால இன்னொரு தடவை பார்க்க முடியாது," என்றாள்.

அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. பில்லை உறையோடு வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏமாற்றப்பட்டவர் முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கத்திரி சார் ஈரத் தலையும் சிவப்புப் பேனாவுமாக ஏறி வந்தார். அக்கா அவரை முந்திக்கொண்டார். அந்த ரிப்பேர்காரன் வந்ததையும், செருப்போடு உள்ளே நுழைந்ததையும், கேள்வி கேட்டால் முறைத்ததையும் அடுக்கிக்கொண்டே போனார். ஸ்பானர் மனதாலும் செய்திருக்க முடியாத காரியங்கள் அவை. போதும் என்று நர்ஸம்மா ஜாடை காட்டினாள். அக்கா பார்க்கவே இல்லை.

"அவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரிக்கா. பில்லைக் கொடுங்க. இன்னிக்கு வெட்டற வெட்டுல அவன் இனிமே குழாயையே தொட மாட்டான்."

பில்லை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்தார். பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். நர்ஸம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சமையலறைக் குழாய், அலமாரிக் கீல் எல்லாம் எல்லோர் வீட்டிலும்தான் இருக்கும், அவர் சந்தேகப்பட மாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சிவப்புப் பேனா முதல் வரிக்கு மேலே வந்து நின்றது. அங்கேயே நின்றது. கத்திரி சார் உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். மறுபடி பில்லைப் பார்த்தார். இரண்டாவது வரியில் அவர் புருவம் ஒரு தடவை நெளிந்தது. கடைசி வரிக்கு வருவதற்குள் நெற்றியில் வேர்வை துளிர்த்துவிட்டது. இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்.

பேனாவை மூடினார்.

"நியாயமான பில்லு," என்றார்.

நர்ஸம்மாவால் காதுகளை நம்ப முடியவில்லை. சொந்த மைத்துனன் வண்டிப் பில்லையே பாதியாக வெட்டி, அவன் இன்றுவரை பேசாமல் இருப்பதற்குக் காரணமான மனுஷன் அவர். அக்காவுக்கோ பெரிய ஏமாற்றம்.

"எப்படித் தம்பி நியாயம்? ஒரே குழாயை ரெண்டு நாள் எழுதியிருக்கானே."

"சில குழாய் அப்படித்தான்க்கா," என்றார் கத்திரி சார். பில்லை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க கவலைப்படாதீங்க. இதை நானே கட்டிடறேன்."

"நீங்க எதுக்குத் தம்பி கட்டணும்?"

"தனியா இருக்கறவங்க நீங்க. அக்கம்பக்கம்னு எதுக்கு இருக்கோம்?"

இல்லாத பில்லுக்கு இப்படி ஓர் ஆதரவு கிடைத்ததில் அக்கா உருகிப்போனார். தனக்கு இப்படி ஒருத்தரும் செய்ததில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையோடு, கூடத்து மின்விசிறியும் கொஞ்ச நாளாக முனகுகிறது, அதையும் இதோடு சேர்த்துப் பார்க்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

இப்போது சிக்கல் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. பில் அவர் பையில். அவர் காசோடு கடைக்குப் போவார். ஸ்பானர் வாயைத் திறந்து, "சிஸ்டர் கொடுத்தனுப்பினாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், குட்டு உடைந்துவிடும்.

அவர் சாப்பிட உட்கார்ந்ததும், துணி எடுக்கிற சாக்கில் பின்பக்கம் போய் நர்ஸம்மா கடைக்குப் போன் செய்தாள். எடுத்தது மருமகள். மாமா வேலையாக வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். அந்தப் பில் மாடிவீட்டுக்கு என்று சொல்லிவிட முடியுமா என்று நர்ஸம்மா சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"மாமா மாடி ஏறினதே இல்லையேம்மா. எல்லா வேலையும் காலண்டர்த் தாள் பின்னாடி எழுதி வச்சிருந்தார். ஒண்ணு விடாம நானே பார்த்துத்தான் ஏத்தினேன். உங்களுக்குச் சந்தேகம்னா இப்பவே வீட்டுக்கு வந்து வரி வரியா விளக்கிடறேன்."

வேண்டாம் வேண்டாம் என்று நர்ஸம்மா கெஞ்சினாள். காலையில் தானே வருவதாகச் சொல்லி வைத்தாள்.

காலையில் கத்திரி சார் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக எழுந்து தயாராகிவிட்டார். அக்காவின் பில்லைக் கட்டிவிட்டு அப்படியே அலுவலகம் போவதாகச் சொன்னார். தனக்கும் அதே வழிதான், தான் கட்டிவிடுவதாக அவள் சொன்னாள். அவளுக்கு எதற்கு வீண் அலைச்சல் என்றார் அவர். அவருக்கு நேரமாகிவிடுமே என்றாள் அவள். அவர்கள் இவ்வளவு அன்பாக விட்டுக்கொடுத்துப் பேசிக்கொண்ட காலை அந்த வீட்டில் அதற்கு முன்னால் வந்ததில்லை. கடைசியில் அவர் தலை வாரப் போன நேரத்தில் நர்ஸம்மா அவருடைய இடது காலணியைத் துணிக்கூடைக்கு அடியில் தள்ளிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

ஸ்பானரின் கடை நீளமும் இருட்டுமான ஓர் அறை. உத்தரத்திலிருந்து குழாய்கள் குலைகுலையாகத் தொங்கின. முன்னால் மட்டும் மருமகளின் புதுக் கண்ணாடி மேஜையும் கணினியும் பளபளத்தன. மருமகள் இல்லை, அச்சுக்குத் தாள் வாங்கப் போயிருந்தாள். ஸ்பானர் உள்ளே ஒரு வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். நர்ஸம்மாவின் குரல் கேட்டதும் தலையை அதில் இடித்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன அண்ணே இது? உங்களை எவ்வளவு நம்பியிருந்தேன். ஒரு தடவை வந்துட்டு ரெண்டு தடவைக்குக் கூலி போட்டிருக்கீங்களே."

ஸ்பானர் தலையைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு தடவை வந்தது உண்மைதான் சிஸ்டர்."

"எப்ப வந்தீங்க? நான்தானே டீ போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டீதான்."

"டீ ஒண்ணுதான்," என்று ஸ்பானர் ஒப்புக்கொண்டார். "வந்தது ரெண்டு."

"அந்த இன்னொரு தடவை எதுக்கு வந்தீங்க?"

அவர் மென்று விழுங்கினார். கடைக்குள் இருந்த ஒவ்வொரு குழாயையும் உதவிக்குக் கூப்பிடுவதுபோலப் பார்த்தார். "சிஸ்டர், நான் வாய் திறக்கக் கூடாதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்," என்றார்.

"எங்கிட்டதானே கொடுத்தீங்க? நானே கேக்கறேன், சொல்லுங்க."

ஸ்பானரின் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வாசலில் கத்திரி சார் நின்றார். மடிப்புக் கலையாத கால்சட்டை, கழுத்தில் டை, காலில் குளியலறை ரப்பர் செருப்பு.

"நீ எங்க இங்க?" என்றார்.

"அக்காவுக்காக வந்தேன். நீங்க?"

"நானும் அக்காவுக்காகத்தான்."

"எந்த அக்கா?" என்று கேட்டார் ஸ்பானர்.

இரண்டு பேரும் அவரை ஒரே நேரத்தில் முறைத்தார்கள். ஸ்பானர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவர் நிற்கிற நிலையைப் பார்த்தால் அதிக நேரம் தாங்காது என்று தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு தடவை "சார்" என்றார், ஒரு தடவை "சிஸ்டர்" என்றார். கத்திரி சார் முகமும் வெளிறிப் போயிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது, எல்லாம் புரிந்துவிட்டது என்று நர்ஸம்மா நினைத்தாள். பிளாஸ்திரியை மெல்ல மெல்ல உரித்தால்தான் வலி அதிகம் என்பது அவள் தினமும் பார்க்கிற விஷயம். ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

"என்னங்க, அது அக்கா பில்லு இல்ல. நம்ம பில்லுதான். நீங்க ரிப்பேர் பண்ணின ஒவ்வொண்ணுக்கும் மறுநாள் நான் இவரைக் கூப்பிட்டிருக்கேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை. என்னை என்ன வேணா சொல்லுங்க. திரும்ப அந்த மாதிரி மட்டும் உட்கார்ந்துடாதீங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கத்திரி சார் அவளைப் பார்த்தார். பிறகு ஸ்பானரைப் பார்த்தார். ஸ்பானர் உத்தரத்தைப் பார்த்தார். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் வாளியில் கத்திரி சார் மெதுவாக உட்கார்ந்தார்.

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"மேல இருந்த சணல்?"

"பிரிச்சுட்டுத் திரும்ப உங்க மாதிரியே கட்டச் சொல்லிடுவேன்."

"அதுதான் அந்த வரியா," என்று முணுமுணுத்தார். "அந்த ஸ்டூலுக்குமா கூப்பிட்டே?"

"ஸ்டூல்லதான் ஆரம்பிச்சேன்."

அவர் முகம் அப்போதுதான் நிஜமாகவே தொங்கிப் போயிற்று. "ஸ்டூலாவது..." என்று ஏதோ சொல்ல வந்து விழுங்கிவிட்டார். நர்ஸம்மா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அவள் பயந்தது நடக்கவில்லை. அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். இத்தனை வருஷமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சோ என்று அவளுக்குத் தோன்றியது. வாளியிலிருந்து எழுந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. சொல்லப்போனால், விசாரணையில் குற்றம் இல்லை என்று தீர்ப்பு வந்த அன்றைக்குக்கூட அவர் அவ்வளவு லேசாகத் தெரியவில்லை.

"சரி விடு," என்றார். "இப்ப என்ன ஆயிடுச்சு? என் மனசு நோகக் கூடாதுன்னுதானே பண்ணினே. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உன்னை மன்னிச்சுட்டேன்."

நர்ஸம்மாவால் நம்ப முடியவில்லை. இந்த மனுஷனுக்கு இவ்வளவு பெரிய மனசு என்று தெரியாமல் இத்தனை வருஷம் ஒளிந்து ஒளிந்து டீ போட்டோமே என்று வெட்கமாக இருந்தது. மார்மேல் இருந்த பாரம் இறங்கியதில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இனிமேல் எதையும் மறைக்க வேண்டாம். சணல் முடிச்சு வலமா இடமா என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து ஒரு தூக்கம் போடலாம்போல இருந்தது.

கத்திரி சார் பில்லை எடுத்தார், காசை எடுத்தார். ஒரு வரியை வெட்டவில்லை, ஒரு சல்லிக்காசு குறைக்கவில்லை. முழுத் தொகையையும் எண்ணி ஸ்பானர் கையில் வைத்து அழுத்தினார். கையைக் கொஞ்சம் அதிக நேரமே அழுத்திப் பிடித்திருந்தார்.

"ரெண்டு தடவை எழுதியிருக்காங்களேங்க," என்றாள் அவள்.

"எழுதிட்டுப் போகட்டும். உழைச்ச மனுஷன். இனிமே நான் எதையும் தொடறதா இல்ல. எது கெட்டாலும் நேரா இவரையே கூப்பிட்டுடுவோம். சரிதானேப்பா?"

"ரொம்பச் சரி சார்," என்றார் ஸ்பானர். அவர் கண்ணிலும் தண்ணீர் தளும்பியது. அவருக்கும் ஏதோ விடுதலை கிடைத்ததுபோல இருந்தது. நர்ஸம்மாவுக்கு அது ஏன் என்று புரியவில்லை. நல்ல மனசைப் பார்த்தால் யாருக்கும் கண் கலங்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் கடைப்படி இறங்கினார்கள். காலணியை எங்கே தேடியும் காணவில்லை என்று அவர் சொன்னார். துணிக்கூடைக்கு அடியில் என்று அவள் சொன்னாள். அதையும் அவர் உடனே மன்னித்தார். அவர் இருக்கிற நிலையில் இன்றைக்கு எதைச் சொன்னாலும் மன்னிப்பார்போல இருந்தது. தெருவில் வெயில் இதமாக இருந்தது. நர்ஸம்மா, யார் பார்த்தால் என்ன என்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிரே தாள்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஸ்பானரின் மருமகள் வந்தாள். பில்லுக்குப் பணம் கட்டியாயிற்று என்று கேட்டதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நன்றி சொல்லிவிட்டுக் கடைப்படியில் ஏறியவள், ஏதோ நினைவு வந்து திரும்பிக் கூப்பிட்டாள்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். முந்தின நாள் நீங்க மாமாவைக் கூப்பிட்டு ரிப்பேர் பண்ணிக்கிறதை உங்க பேர்லயும், மறுநாள் அம்மா கூப்பிட்டு அதைப் பிரிச்சுப் பார்க்கச் சொல்றதை அவங்க பேர்லயும், இனிமே தனித்தனி பில்லாப் போட்டுடட்டுமா?"